பாடு என்ற ஒரு சொல்

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அந்துருண்டை வாசனையோடு அந்தக் கம்பளிக் காலுறைகள் கையில் தட்டுப்பட்டன. கான்வென்டில் கற்ற பின்னலில் உங்களுக்காக நான் பின்னியவை. ஒரு நாளும் நீங்கள் அணியவில்லை. ஒன்றுக்குள், நான் செருகிய இடத்திலேயே, உங்கள் விண்ணப்பமும் இருந்தது.

பிறந்தது முதல் உப்பு ஏரியில் வலை போட்டவருக்கு, இமாசலத்து ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கும் ஆசை எப்படித்தான் வந்ததோ. நம்மூர் டச்சுக் கல்லறைச் சுவரோரம் உட்கார்ந்து ரயில் மாறும் ஊர்களைக் குறித்துக்கொண்டிருப்பீர்கள். என் தம்பி சும்மா விடமாட்டான்.

"இன்னா மாமா, இங்க இறால் துள்ளுது, நீ பனியில போயி மீன் புடிக்கப் போறியா?"

"ஒல்லாந்துக்காரன் அவ்ளோ தூரத்துலருந்து இங்க வந்து செத்தான். நான் அங்க போயி ஒரே ஒரு மீன் புடிச்சிட்டு உசுரோட வந்துர்றேன்டா."

குலுக்கலில் வைகாசிக்கு உங்களுக்கு விழுந்திருந்த பாட்டை, நல்ல இடத்தில் வலை போடும் அந்த முறையை, அவனுக்கே விட்டுக்கொடுத்தீர்கள். வைகாசியில்தான் பயணம் என்று முடிவு செய்திருந்தீர்கள்.

மீன்பிடி அனுமதி கேட்டு ஆங்கிலத்தில் நீங்களே எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் தந்தீர்கள். வரிக்கு வரி பிழை. சிவப்பு மையால் திருத்திக்கொண்டே வந்தவள், "என் பாட்டை விட்டுவிட்டு வருகிறேன்" என்ற வரியில் நின்றுவிட்டேன். பாடு என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதியிருந்தீர்கள். முறையா, உரிமையா, பங்கா? எந்த ஆங்கிலச் சொல்லும் பொருந்தவில்லை. தப்பான சொல்லோடு என் வீட்டுக் கடிதம் போகலாமா என்று, நாளை நாளை என்று தள்ளினேன்.

வைகாசி பிறந்தது. தினமும் தபால்காரரை நிறுத்திக் கேட்டீர்கள். ஒரு நாள் கேட்கவில்லை.

"உடு டீச்சரம்மா. கருவாட்டு நாத்தம் அடிக்கிறவனுக்கு எவன் அனுமதி குடுப்பான்?" என்று சிரித்தீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது என்று சொல்லாமல், விண்ணப்பத்தைக் காலுறைக்குள் செருகி வைத்தேன். அடுத்த வைகாசிக்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. வடக்கே யாரோ உங்களை மதிக்கவில்லை என்ற நினைப்போடு போனீர்கள். மதிக்காதவள் நான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தேன். யார் படித்தாலும் புரிந்திருக்கும். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் பாடு தம்பிக்குப் போனது. இந்தக் காகிதம் என் பாடு.