உன் கண்ணாடியை அவரிடம் கொடுத்துவிட்டேன்

இன்று அடையாறில் உன் மூக்குக்கண்ணாடியை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "இன்னாக்கா இது, வெறும் கண்ணாடியா கீது?" என்றார். உனக்குச் செய்த சத்தியம் அதோடு போயிற்று. கோபித்துக்கொள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

உன் மகள் நாலாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். "கொழுப்பு, செல்போன் மட்டும் பாக்கத் தெரியுது" என்று அவர் கை ஓங்க ஆரம்பித்திருந்தார். நான்தான் இரண்டு பேரையும் இன்று அடையாறில் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துப் படிக்க வராத குறை, பார்க்கும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். மற்ற பிள்ளைகளுக்குப் படிக்கப் பழகியதும் மூளையின் இடப்பக்கம் பின்னால் ஒரு பகுதி, வார்த்தையைப் பார்த்த உடனே பிடித்துக்கொள்ளுமாம். இவளுக்கு அந்த இடம் அவ்வளவாக வேலை செய்யாது, வேறு இடங்கள் சேர்ந்து சுமக்க வேண்டும், அதனால்தான் நாலு வரியில் களைத்துப்போகிறாள் என்றார். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம்; அங்கே தனி வகுப்புக்கு வந்தால் பழகிவிடுமாம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?" என்று கேட்டார்.

"இவ அம்மா தினம் பேப்பர் படிப்பா மேடம். இவதான் இப்டி" என்றார் உன் வீட்டுக்காரர். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

நீ பேப்பர் படித்த லட்சணம் எனக்குத் தெரியாதா? தி.நகர் புடவைக் கடையில் பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். போன தீபாவளிக்கு யார் என்ன நிறம் எடுத்தார்கள் என்பதுகூட உனக்கு மனப்பாடம். பில்லுக்குச் சீட்டு எழுதுவது மட்டும் நான். சாப்பாட்டு நேரத்தில் நான் படித்துக் காட்டிய செய்தியைத்தான் சாயந்திரம் வீட்டில் பேப்பரை விரித்துவைத்து அவருக்குச் சொல்வாய். அதற்காகவே ரங்கநாதன் தெருவில் அந்தப் பவர் இல்லாத கண்ணாடியை வாங்கினாய். "அவருக்குத் தெரிஞ்சா மதிக்கமாட்டாரு. நான் செத்தாலும் சொல்லாதக்கா" என்றாய். நீ போய்ச் சேர்ந்த அன்று யாராவது போட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, முதல் வேலையாக அதை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்று பிள்ளையின் குனிந்த தலையைப் பார்த்ததும் எடுத்துக் கொடுத்து, நீ பேப்பர் படித்த கதையையும் சொல்லிவிட்டேன்.

"அம்மாவுக்கும் வராதா?" என்று பிள்ளை கேட்டாள்.

"வராது. அதுக்கு ஸ்கூல்ல அடிச்சாங்க, அப்பறம் படிப்பையே நிறுத்திட்டாங்க" என்றேன்.

உன் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "வகுப்பு எந்தெந்த நாள் மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

சத்தியத்தை மீறியதில் எனக்கு வருத்தமே இல்லை. கிளம்பும்போது டாக்டரம்மா, "பெரியவங்களும் கத்துக்கலாம்மா, வழி இருக்கு" என்றார். பதினோரு வருஷம் உனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். உனக்குச் சொல்லிக்கொடுக்க யாராவது இருப்பார்களா என்று ஒரு நாளாவது நான் விசாரித்தேனா?