நான் கட்டாத தெரு

என் கண்ணு கைனாத்துக்கு அத்தா எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில நானும் உன் அம்மாவும் இங்க தாம்பரத்துல சுகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளை சுஃபியானும் அந்தக் குளிர் ஊர்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலும் கேக்கறேன். தினமும் வீடியோல பேசறோமே, இந்த மனுஷனுக்கு எதுக்கு லெட்டர்னு நெனப்பே. உன் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு, நாலு தடவை போன்ல ஆரம்பிச்சுட்டு மழை பெய்யுதா, சாப்பிட்டியான்னு கேட்டு வெச்சுட்டேன். முதல்ல நீ மட்டும் தனியா படி, அப்புறம் மாப்பிள்ளைக்குக் காட்டறதும் காட்டாததும் உன் இஷ்டம்.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்ல, டாக்டர் மாடி ஏறக்கூடாதுன்னாரு, அவ கேக்கறதா இல்ல. பள்ளிக்கரணை மாமா வீட்டுத் தெருவுல இந்த வருஷமும் தண்ணி நின்னுச்சு, ஆனா வீட்டுக்குள்ள வரல. நம்ம வீட்ல லாஃப்ட் ஒழுகுதான்னு பாக்க போன டிசம்பர்ல ஏணி போட்டு ஏறினப்போதான் மூணு பழைய டிவி அட்டைப்பெட்டி கண்ணுல பட்டுச்சு. உள்ள துணி சுத்தி, நீ அட்டையில செஞ்ச கட்டடங்க. மாமா ஷார்ஜாவுலேர்ந்து கொண்டு வந்த ரேஸ் கார் செட்டு ஞாபகம் இருக்கா, ரோட்டு நடுவுல நீளமா பள்ளம் வெட்டி, அதுல கரண்ட் வாங்கி ஓடுற உள்ளங்கை அளவு கார், அதைச் சுத்தி வைக்க நீ செஞ்ச தெரு. நீ பதினொண்ணாவது படிக்கறப்போ கணக்குல மார்க் குறைஞ்சுதுன்னு நான் அன்னிக்கு ஆடின ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. பொம்மை வீடு கட்டியா சோறு திங்கப் போறேன்னு கேட்டேன், எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடுன்னு அம்மாகிட்ட சொன்னேன், கட்டடக் கலை படிக்கணும்னு நீ கேட்டதுக்குப் பதிலே சொல்லாம காலேஜ்ல காமர்ஸ் சேத்து விட்டேன். அம்மா பேப்பர்காரனுக்குப் போடல, மேல ஒளிச்சு வெச்சிருக்கா, எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

அப்பத்தான் சேலையூர்லேர்ந்து ஏகநாதன்னு ஒருத்தர் நம்ம மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்தாரு. ரிட்டயர் ஆனவரு, மொட்டை மாடி ரூம் முழுக்க இதே மாதிரி கார் ஓடுற பெரிய டிராக் போட்டு வெச்சிருக்காரு, டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சுன்னு கொண்டு வந்தாரு. சரி பண்ணிக் கொடுக்கப் போனப்போ பாத்தா டிராக் ஜோரா இருக்கு, சுத்தி வெறும் பலகை. எங்க வீட்ல கொஞ்சம் கட்டடம் இருக்கு சார்னு சொல்லி மறுநாள் ஆட்டோவுல கொண்டு போனேன். டீக்கடை, பூக்கடை, பஸ் ஸ்டாப், மாடி வீடு எல்லாம் ரோட்டோரமா வெச்சதும் அந்த மனுஷன் தரையில மண்டி போட்டு உக்காந்துட்டாரு. கைப்பிடிச்சுவர் கீழ மழைத்தண்ணி வழிஞ்ச கறை, உப்புத்தாள்ல நடைபாதை, பாத்திரம் தேய்க்கிற பஞ்சை வெட்டிச் சாயம் ஏத்தின வேப்பமரம், கொடியில காயற துணிகூட விடலயே நீ. சார், உங்க கையில இப்படி ஒரு வித்தையான்னு கேட்டாரு. கைனாத், நான் இல்லன்னு சொல்லல. சிரிச்சேன். அவ்வளவுதான் செஞ்சேன், ஆனா அது போதும்ல.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் அந்தச் சிரிப்புலேர்ந்து வந்தது. ஜூன் மாசம் மேடவாக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல பொழுதுபோக்குக் கண்காட்சி வெச்சாங்க, ஏகநாதன் டிராக்கோட உன் தெருவும் போச்சு. போய்ப் பாத்தா முன்னாடி வெச்ச அட்டையில மாடல் கலைஞர் மைதீன் பிச்சைன்னு என் பேரு. அப்பவாவது சொல்லிருக்கலாம். ஜனங்க கார் ஓடறதை விட்டுட்டு கட்டடத்தைத்தான் பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. சாயந்திரம் பொன்னாடை போத்தி ஒரு ஷீல்டு கொடுத்தாங்க, வாங்கினேன். ஜோசலின்னு ஒரு டீச்சரம்மா நோட்டோட வந்து, தகரக் கூரையில அசல் துரு மாதிரியே இருக்கே எப்படி சார்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும், ரெட் ஆக்ஸைடை மெலிசாக் கலக்கித் தடவணும்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தம்மா ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டாங்க. சர்ச் ஹால்ல பிள்ளைங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுங்கன்னாங்க, அதுக்கும் சரின்னேன். நாப்பது வருஷமா எரிஞ்ச மோட்டாருக்குக் கம்பி சுத்தற எனக்கு யாரும் சால்வை போத்தினதில்லம்மா. இது சாக்கு இல்ல, எப்படி விழுந்தேன்னு சொல்றேன்.

வகுப்புக்கு முன்னாடி பழகிக்கலாம்னு உன் கட்டடத்துல ரெண்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில வெட்டிப் பாத்தேன். சுவரு நேரா நிக்கல, பசை வழிஞ்சு கை ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அம்மா பாத்துட்டே நின்னா. அன்னிக்கு அவ கையிலேர்ந்து புடுங்கினீங்க, இன்னிக்கு அவ பேரையும் புடுங்கிட்டீங்களான்னு கேட்டா. அவ மேல கோவப்பட்டுட்டு, அதுல ஒரு சின்னக் கடையை நீ எப்படி ஒட்டியிருக்கேன்னு பாக்க அதோட ஷட்டரை நகத்தால தூக்கினேன். இத்தனை மாசமா மூடியே இருந்த ஷட்டரு. உள்ள நம்ம கடை. சுவர்ல வரிசையா செம்புக் கம்பிச் சுருள், ஸ்டூல் மேல சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு ஆளு, மடியில மோட்டார், மெல்லிசுக் கம்பியில வளைச்ச மூக்குக்கண்ணாடி. முதுகு கூட என்னை மாதிரியே கூனியிருக்கு. நான் உன்னைத் திட்டிக்கிட்டு இருந்த அந்த மாசத்துலதானே இதைச் செஞ்சிருக்கே. அம்மா எதிர்ல அழக்கூடாதுன்னு குழாயடிக்குப் போயி ரொம்ப நேரம் கை கழுவினேன்.

ஞாயித்துக்கிழமை ஹால்ல இருபது பிள்ளைங்க, பெத்தவங்க, முன் வரிசையில ஏகநாதன். என்னைப் பெரிய கலைஞர்னு அறிமுகம் பண்ணினாரு. எழுந்து நின்னு, இதுல ஒரு ஜன்னல்கூட நான் செஞ்சதில்ல, எல்லாம் என் மக கைனாத் பதினாறு வயசுல செஞ்சது, செய்யாதேன்னு தடுத்தவன் நானு, துருவைப் பத்தி டீச்சர்கிட்ட சொன்னதும் பொய்னு சொன்னேன். ஜோசலின் டீச்சர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை ஒரே கோடா அடிச்சாங்க, அப்புறம் உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லிக் கொடுங்க சார்னாங்க. அட்டை வீட்டுக்குள்ள குட்டி பல்பு எரிய வைக்கக் கத்துக் கொடுத்தேன். ஷீல்டையும் சால்வையையும் ஏகநாதன்கிட்ட நீட்டினேன். நான் கேட்ட அன்னிக்கே சொல்லிருந்தா என்ன சார் குறைஞ்சிருப்பீங்கன்னாரு. திரும்பி வர்றப்போ பைக்ல கேம்ப் ரோடு வரைக்கும் கொண்டு வந்து விட்டாரு, இறக்கி விட்டதும் திரும்பிப் பாக்காம போயிட்டாரு. அந்தப் பக்கம் போகவே இப்பவும் கூச்சமா இருக்கு.

பத்து நாள் கழிச்சு அவரே கடைக்கு வந்தாரு. ஜனவரியில திரும்ப கண்காட்சி இருக்காம், உன் பேரு போட்டு வைக்கலாமான்னு கேட்டாரு. அது நான் சொல்ற பதில் இல்ல சார்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் வாங்கிட்டு வந்து உன் கட்டில் மேல போர்வை விரிச்சு வெச்சிருக்கேன். வைக்கலாம்னா வைக்கலாம்னு எழுது, வேண்டாம்னா அது அங்கேயே இருக்கும், ஏன்னு கேக்க மாட்டேன். உன் சாமானை இதுவரைக்கும் ரெண்டு தடவை உன்னைக் கேக்காம எடுத்தவன், முதல் தடவையா இப்போ கேக்கறேன். படிப்பு விஷயத்துல நான் செஞ்சதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல, அதையும் இதுலயே கேட்டதா வெச்சுக்கோ தங்கம். கோவம் இருந்தா கொஞ்ச நாள் அம்மாகிட்ட மட்டும் பேசு, நான் பக்கத்துல உக்காந்து உன் குரலைக் கேட்டுக்கறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாம சாப்பிடு, பனியில ஆபீஸ் படிக்கட்டு வழுக்கும்னு சொன்னியே, பாத்து கால் வை. ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட, ஒருத்தர் மனசு ஒருத்தர் அறிஞ்சு வாழ அல்லாஹ் அருள் செய்யட்டும். அம்மா ஸலாம் சொல்லச் சொன்னா. நான் எழுதினதைப் படிச்சுப் பாத்துட்டு, ஒண்ணையும் குறைச்சு எழுதலன்னு அவதான் கவரை ஒட்டினா.

உன் அத்தா,
மைதீன் பிச்சை