கீழ்வீட்டுக்குப் போன கத்தி

அன்புள்ள சின்னுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் முக்கால்வாசி நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் முழுசாகவே நலமாக இருக்கவேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் கடிதம்.

அம்மா போனபிறகு அவள் கத்தியை என்னால் தொட முடியவில்லை. கல்யாணமான புதிதில் பட்டறையில் தேய்ந்துபோன ரம்ப பிளேடைச் சாணை பிடித்து நானே செய்து கொடுத்தது, உனக்குத்தான் தெரியுமே. பிடியில் அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருக்கும். அதில் என் விரலை வைத்தால் அவள் கையைப் பிடித்த மாதிரி இருந்தது, வெங்காயம் உரிக்காமலே கண்ணீர். கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று துணியில் சுற்றிக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, சந்தையில் கூவிக் கூவி விற்றவனிடம் ஒரு மலிவுக் கத்தி வாங்கிவந்தேன். வாழ்நாளெல்லாம் இரும்போடு மாரடித்தவன் தகரத்தைக் காசு கொடுத்து வாங்கினேன் பார். தக்காளியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது. பிடி ஒரு பக்கம் ஆடுகிறது, நான் ஒரு பக்கம் ஆடுகிறேன். பூசணிக்காய் வெட்டும்போது நழுவி இடது கையில் தையல் போடும்படி ஆயிற்று, பயப்படாதே, ஆறிவிட்டது.

அதுகூடப் போகட்டும். அம்மாவின் கத்தியைக் கொடுத்த கொஞ்ச நாளிலேயே, காலையில் நான் பல் தேய்க்கும் நேரத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து அம்மா வெட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூன்று வெட்டு, கொஞ்சம் நிறுத்தி, வெட்டினதைக் கத்தியின் முதுகால் சர்ரென்று ஒதுக்குவாளே, அதே சத்தம். பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிப் பாதி செவிடான காது, காலிங்பெல்லே கேட்காது, இது மட்டும் கேட்டது. கத்தியோடு அம்மாவின் கைவாகும் தையல்காரம்மாவுக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்று கேட்பேன்.

போன வாரம் பொறுக்கமுடியாமல் இறங்கிப்போய், தப்பாக நினைக்காதேம்மா, அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று கேட்டுவிட்டேன். அவள் மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நான் சுற்றிய துணி, நான் போட்ட முடிச்சு. நீங்க எப்படியும் திரும்பக் கேப்பீங்கன்னு தெரியும்ண்ணா, நான் பிரிக்கவே இல்ல என்றாள். பிறகு காலையில் எதில் வெட்டுகிறாய் என்றேன். காலையில அடுப்பே பத்தவைக்கறதில்லையே, விடிஞ்சதும் தையல் கடைக்கு ஓடிடறேன் என்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

கத்தியை அம்மா மாட்டும் அதே ஆணியில் மாட்டினேன். அன்றிலிருந்து சத்தம் நின்றுபோய்விட்டது சின்னு. தினமும் பிரஷ்ஷோடு நிற்கிறேன், கீழே ஒன்றுமில்லை. நானே வெட்டிப் பார்த்தேன், அந்தத் தாளம் என் கைக்கு வரவில்லை. தன் பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த அம்மாவை நானே அனுப்பிவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மலிவுக் கத்தியைத் தூக்கி எறிந்தாயிற்று. நீயும் மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்டதை வாங்காதே, பேரன் கைக்கு எட்டும் இடத்தில் கத்தி வைக்காதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீயும் அம்மாவைப் போலவேதான் வெட்டுவாய், மூன்று வெட்டு, நிறுத்தி ஒதுக்குவாய். லீவு கிடைத்ததும் வா. வந்ததும் என்னோடு பேசக்கூட வேண்டாம், நேரே சமையலறைக்குப் போய் எதையாவது வெட்டு. நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா