பட்டறை மேசையில் ஒரு பொட்டு

பாக்கியம்,

நீ கோயிலிலிருந்து வருவதற்குள் நான் லுணுகலைக்குப் புறப்படுகிறேன். சோறு வடித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் குழைந்துவிட்டது, திட்டாதே. சாவி பக்கத்து வீட்டில். புதுப் பட்டறை மேசைக்கு எண்ணெய் பூசியிருக்கிறேன், காயும்வரை அதன்மேல் முறத்தை வைத்துவிடாதே.

நேற்று அதற்கு நீ குங்குமப் பொட்டு வைத்ததும், "எண்ணெய் பூசுறதுக்கு முன்னாடி வச்சா சாயம் மரத்துல இறங்கிருமே, தெரியாதா ஒனக்கு?" என்று கத்திவிட்டேன். நீயும் சாப்பிடாமலே படுத்துவிட்டாய். பார்த்துப் பார்த்து இழைத்த பலாப்பலகை, அந்த ஆத்திரம். காலையில் பொட்டைச் சீவி எடுக்கத்தான் இழைப்புளியைக் கையில் எடுத்தேன்.

சொல்ல மறந்துவிட்டேன்: மத்தியானம் உன் அண்ணன் மேசையைப் பார்க்க வருவார். தேத்தண்ணி கொடு. அந்தச் சிவப்பு என்னவென்று கேட்பார், இந்த வீட்டுக்காரி வைத்த பொட்டு என்று சொல்.

சீவவில்லை. அதன்மேலேயே எண்ணெய் பூசிவிட்டேன். இனி மரம் இருக்கும்வரை அதுவும் இருக்கும். சாப்பிடு.