அண்ணனின் இடது காது

இன்று மத்தியானம் உன் ஸ்டெல்லா கொடுத்தனுப்பிய பிரிஞ்சி சாதத்தில் ஒரு லவங்கம் பல்லில் மாட்டியது. துப்பலாம் என்று நாக்கின் நுனி வரை கொண்டுவந்தேன். துப்ப மனம் வரவில்லை. அந்தக் காரமும் வாசனையும் ஏறியதும் நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டேய் மாமு" என்று காதைக் கடிப்பதுபோல் இருந்தது. நீ பார்க்காமல் போன ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். லவங்கம் அதற்கு நாள் குறித்துவிட்டது.

உன் சட்டைப்பையில் பேனா இருந்ததோ இல்லையோ, லவங்கம் இருக்கும். நம் காக்ஸ் டவுனில் பாதிப் பேர் உனக்குப் பல்வலி என்று நினைத்திருந்தார்கள். காரணம் எனக்குத்தான் தெரியும். "பெரிய மனுஷன் காதுகிட்ட வாயக் கொண்டுபோறோம். நாத்தம் அடிக்கலாமாடா?" என்பாய்.

அந்தப் பெரிய மனுஷர் நம் பகுதி எம்.எல்.ஏ. கன்னடக்காரர்தான், ஆனால் நம் தெருக்களுக்குள் வந்தால் கன்னடமும் தமிழும் கலந்து அடிப்பார். எல்லாருக்கும் அவர் அண்ணன். நீ பகலில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தாய், சாயந்தரமும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் பின்னால் நடந்தாய். கட்சியில் உனக்குப் பதவியும் இல்லை, மேடையில் நாற்காலியும் இல்லை. அவருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால், அதுதான் உன் இடம். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் முன்னால் அண்ணனின் தலை லேசாக இடது பக்கம் சாயும். நீ இரண்டு வார்த்தை சொல்வாய். தலை நிமிரும்போது அந்த வீட்டுக்காரர் அவருக்குச் சொந்தக்காரராகிவிட்டிருப்பார்.

லூர்து அக்கா வீட்டு வாசலில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்தல் சமயம். தலை சாய்ந்தது. "லூர்து அக்கா. பையன் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குல போயிட்டான், மறுபடி எழுதுறான்" என்று நீ சொன்னாய். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதிலேயே விழுந்தது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "ஏனம்மா லூர்தம்மா, பையன் திரும்ப எழுதறானா? பயப்பட வேணா சொல்லு. நானே கணக்குல ஃபெயிலு!" என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். சொந்தத் தம்பிகூட ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், அண்ணன் கேட்டாராம். அதற்கப்புறம் அந்த வீட்டு ஓட்டு வேறு எங்கே போகும்?

எனக்கு அதிசயம் அண்ணன் அல்ல, நீதான். எந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் தட்டிப்போனது, யார் நாய் செத்தது, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எல்லாம் உன் மண்டைக்குள் இருந்தது. எதையும் நீ தாளில் குறித்ததில்லை. என் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரின் மனைவி பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படிடா என்று கேட்டதற்கு, தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த உன் அப்பாவைச் சொன்னாய். மேலே ஏறி வந்ததும் கூட வேலை செய்தவர்களை அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். எல்லாரும் குரல் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவாராம். "பேரு சொல்லிக் கூப்புடாம விட்டா ஆளு உள்ளயே நின்னுடுவான்னு அப்பாவுக்கு பயம்" என்றாய்.

நமக்குள் சண்டை என்றால் அது ஒன்றே ஒன்றுதான். மார்க்கெட் பக்கத்து பேக்கரியில் காரா பன்னும் டீயுமாக நிற்கும்போது நான் ஆரம்பிப்பேன்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுடா. நீ ஊத்துற, அவரு கக்குறாரு. டேப் ரெக்கார்டர்!"

"நம்ம தெரு பாஷா பாய் அம்மா வழுக்கி விழுந்து முட்டி ஒடஞ்சப்ப டேப் ரெக்கார்டரா போச்சு? நான் சொல்லி ஒரு தடவ வந்தாரு. நான் இல்லாதப்ப இன்னொரு தடவ அவரே போயிருக்காரு. பாய் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"ஓட்டுக்குப் போயிருப்பாரு."

"ஓட்டுக்கு ஒரு தடவ போனா போதும் மாமு."

"சரி, நாளைக்கு நீ செத்தா வருவாரா?"

நீ சிரித்தாய். ஒரு லவங்கத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வருவாரு. வந்து உன் பேரயும் சொல்லுவாரு பாரு" என்றாய். எனக்கு அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் அண்ணன் நம் தெருவுக்குள் நுழைந்தாலே நான் கேட்டைச் சாத்திக்கொண்டு மதிலுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

லூர்து அக்கா அழுத அந்தத் தேர்தல் முடிந்த கையோடு உன் தொண்டை கட்டியது. சளி என்றோம், கத்திக் கத்திக் கோஷம் போட்டதால் என்றோம். ஆபரேஷன் முடிந்து நீ வீட்டுக்கு வந்தபோது உயிர் இருந்தது, குரல் இல்லை. ரகசியம் சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. அண்ணன் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தார், பத்துப் பேர் சூழ வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, அவசரமாகப் போனார். உன் இடத்தில் மொபைல் வைத்திருந்த யாரோ ஒருவர் நடக்க ஆரம்பித்தார். அவருக்கு ஜனங்களைத் தெரியாது, வார்டு நம்பர்தான் தெரியும். அடுத்த தேர்தலில் அண்ணன் தெருவில் வந்தபோது வெறுமனே கும்பிட்டுக்கொண்டே போனார். "பாத்தியா, ஜெயிச்சு ஜெயிச்சுத் திமிரு ஏறிடுச்சு, மொகம்கூட தெரியல" என்று ஜனங்கள் பேசினார்கள். தோற்றுப்போனார். அதற்கடுத்த தடவை கட்சி டிக்கெட்டே கொடுக்கவில்லை. எலகங்கா தாண்டி மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

திமிர் என்று யாராவது சொன்னால் நீ துடித்துப்போவாய். அவர் இல்லை, நான்தான் காரணம் என்று உன் நெஞ்சில் குத்திக் குத்திக் காட்டுவாய். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டால் உன் கழுத்து நீளும். கிறிஸ்துமஸுக்கு வருவார் என்று பார்த்தாய். ஈஸ்டருக்குப் பார்த்தாய். பேக்கரிச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன்தான். ஆனால் உன் கழுத்து நீள்வதைப் பார்த்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒரு தடவை வந்துவிட்டால் போதும் என்று நான்கூட ஜபம் செய்தேன், நம்புவாயா? வரவில்லை. நீ போய்விட்டாய்.

இனிமேல்தான் நீ பார்க்காதது.

உன்னைக் கோயிலுக்கு எடுக்கும் முன், தெருவே உன் வாசலில் நின்ற மத்தியானத்தில், ஒரு ஆட்டோ வந்தது. அண்ணன் இறங்கினார். தனியாக. வெள்ளைச் சட்டை உடம்புக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. பாதிப் பேருக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளே வந்து உன் காலடியில் நின்றார். "தோத்தவன் எந்த மூஞ்சிய வெச்சிட்டு வர்றது, ஸ்டெல்லாம்மா" என்றார். அப்புறம் உன் நெற்றியைத் தொட்டு, "என் ஞாபகமே போச்சே" என்று குழந்தைபோல் விசும்பினார்.

வெளியே வந்தவர் நேராக லூர்து அக்கா முன் நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை, சொல்லிக்கொடுக்க ஒரு ஈ காக்கை இல்லை. "லூர்தம்மா, பையன் கணக்கு பாஸ் பண்ணிட்டானா?" என்றார்.

அக்காவின் பையன் அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றான். முன்தலை வழுக்கை விழுந்து, கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை மாட்டியிருந்தான். நான் சிரிக்கப்போனேன். அக்கா சிரிக்கவில்லை. "பண்ணிட்டாண்ணா. நல்ல மார்க்கு" என்றார்.

பாஷா பாயிடம் போனார். "அம்மா முட்டி வலி ஹேகிதே, எப்படி இருக்கு பாய்?" அந்த அம்மாவை அடக்கம் செய்து பல வருஷம் ஆகிறது, உனக்கே தெரியும், குரல் இல்லாமல் நீயும் வந்து நின்றாயே. பாய் ஒரு நிமிஷம் உன் வீட்டுக் கதவைப் பார்த்தார். "இப்ப வலி இல்ல, சாப்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ கடைசியாகச் சொன்ன இடத்திலேயே அந்த மனிதர் எங்கள் அத்தனை பேரையும் பத்திரமாக வைத்திருந்தார். பதவி போயிருந்தது, கார் போயிருந்தது, நீ காதில் போட்டது ஒன்றுகூடப் போகவில்லை. எங்கள் தெரு வாய்த்துடுக்கான தெரு, அடுத்தவன் தப்பைத் திருத்தாமல் அதற்குச் சோறு இறங்காது. அந்தத் தெருவில் ஒருவர்கூட அவரைத் திருத்தவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் உன் குரல்தான் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் என் முன்னால் வந்தார். சாத்திக்கொள்ள அங்கே எனக்கு ஒரு கேட் இல்லை. என் கையைப் பிடித்தார்.

"நீங்க தாஸ் அல்லவா? என்னய நம்பாதவரு."

பிடித்த கையை விடாமலே மேலே சொன்னார்.

"நீங்க கேட்டைச் சாத்துறப்பல்லாம் அவன் சொல்வான். 'அண்ணா, இவன் என் உயிரு. உங்கள மட்டும் நம்ப மாட்டான், விட்டுடுங்க'ன்னு."

நீ என் பெயரையும் சொல்லிவைத்திருக்கிறாய், பாவி! அந்தத் தெருவில் அத்தனை பேர் பார்க்க நான் அழுதேன்.

அவர் திரும்பி நடந்தார். லூர்து அக்காவின் மருமகள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். புதுப் பெண், உன் குரல் போன பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். அவள் முன்னால் அண்ணன் கும்பிட்ட கையோடு நின்றார். தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே இருந்தது. அங்கே யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை. போய் அந்த அரை அடி பின்னால் நின்றேன்.

"லூர்து அக்கா மருமக. பேரு ஷீலா. வேலூர்ப் பொண்ணு. கைக்குழந்தைக்கு இப்பதான் பல் முளைக்குது."

அன்றைக்கு என் வாயில் லவங்கம் இல்லை. அண்ணன் முகம் சுளிக்கவில்லை.

உன் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் அதே ஆட்டோவில் வருகிறார். கொடி கிடையாது, கூட்டம் கிடையாது, கேட்பதற்கு ஓட்டும் கிடையாது. ஜெபம் முடிந்ததும் தெருவில் ஒரு நடை நடப்போம், நான் இடது பக்கம். அவருக்கு நிஜமாகவே நம்மேல் அக்கறை உண்டா, இல்லை உன்மேல் இருந்த அக்கறைதான் எங்கள்மேல் வழிகிறதா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்பதை விட்டுவிட்டேன். என் சட்டைப்பையில் லவங்கம் இருக்கிறது. யார் வேலை மாறியது, யாருக்குப் பேரன் பிறந்தது, எல்லாம் விசாரித்து வைத்துக்கொள்கிறேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பாஷா பாய் வீட்டு வாசல் வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். அண்ணன் முட்டி வலியைக் கேட்கிறார். பாய் உன் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, இப்ப வலி இல்ல சாப் என்கிறார்.