வெட்டிய இரண்டு வரிகள்

2025 நவம்பர் 4, செவ்வாய். காலை 6.10. சோதனைக் கேள்விகள் 41, சரியான பதில் 39.

வெளியே மழை, ஒரு பாகை. கோப்பி முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

என் ஏ.ஐ. ஏஜென்ட் வேலை செய்கிறது. கிரிப்டோ வொலட் முகவரியைக் கொடுத்து "அண்மையில் என்ன நடந்தது?" என்று தமிழில் கேட்டால் போதும். வந்த காசு, போன காசு எல்லாம் பொதுப் பதிவேட்டில் தேடி எடுத்து, தன் கருத்தையும் சொல்லும். நானே எழுதியது. ஆறு கிழமை.

42ஆவது கேள்விக்கு எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வொலட். ஊர்ப் பள்ளிக்கூடக் கூரைக்குச் சேர்க்கிற காசு. வங்கி கட்டணம் அதிகம் கழிக்கிறது என்று போன வருடம் வொலட்டுக்கு மாறச் சொன்னதே நான்தான். வொலட்டைத் திறக்கிற சாவி பொருளாளர் குகன் அண்ணையிடம் (கு.அ.). டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்.

பதில்: ஞாயிறு காலை இருபது நிமிடத்துக்குள் மூன்று தரம் காசு வெளியே. 1001, 1001, 501 டொலர். போன இடம் புது முகவரி, முன்பு ஒரு நடமாட்டமும் இல்லை. மிச்சம் 14. "தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்த விதம் சந்தேகத்துக்குரியது."

கு.அ.வுக்கு இரண்டு தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஷிஃப்டில் போன் லொக்கரில் இருக்கும். தெரியும். தெரிந்தும் 6.40க்கு ஸ்கிரீன்ஷொட் சங்க வட்ஸ்அப்பில். நீளமாக இருந்தது, அடியில் இரண்டு வரி வெட்டினேன். மேலே ஒரு கேள்வி மட்டும்: "யாராவது விளக்கம் தரலாமா?"

மாலை 5.30. 63 செய்தி.

"நான் அப்பவே சொன்னனான்."

"பெட்டி தூக்கினவர் காசுப் பெட்டியோடையே போயிட்டார்." அதற்கு எட்டுப் பேர் சிரிப்பு.

கு.அ. ஒரே வரி: "தம்பி, நீ சொன்னதைத்தானே செய்தனான்." பிறகு குழுவை விட்டுப் போய்விட்டார்.

நான் என்ன சொன்னேன்? எரிச்சல்.

நவம்பர் 5, புதன்

ஈரப்பனி. மெட்ரோ தாமதம். கோப்பி இன்றும் மறந்தாச்சு.

பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் அம்மா கு.அ.வின் மனைவி வசந்தி அக்காவைக் கண்டாவாம். "கருவேப்பிலை எடுத்துக்கொண்டு நிண்டவ. ரெண்டு பேர் பின்னாலை நிண்டு அவவுக்குக் கேக்கிற மாதிரியே கதைச்சவை. கூடையை அப்படியே வைச்சிட்டுப் போயிட்டா. நீ என்னடா செய்தனி?"

ஒன்றும் செய்யவில்லை, கேள்விதான் கேட்டேன் என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

அப்படி என்னதான் சொன்னேன் என்று இதே நாட்குறிப்புக் கொப்பியைப் பின்னால் புரட்டினேன். செப்டம்பர் 21, என் கையெழுத்து:

"கு.அ. மகளின் பிறந்தநாள். அவருடைய பழைய போன் உடைந்த கிளாஸ், நம்பேலாது. புதுப் போனில் சங்கத்துக்குப் புது வொலட் போட்டுக் கொடுத்தேன், முடிவு 7c3e. ஒரேயடியாக அனுப்பாமல் பிரித்து அனுப்பச் சொன்னேன். மூன்று தரம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. நல்ல நாள் பார்த்துத்தான் மாற்றுவாராம். மொக்கு மனுசன். ரோல்ஸ் நல்லம்."

ஏஜென்ட் காட்டிய புது முகவரியின் முடிவும் 7c3e.

1001, 501 என்று கடைசியில் வரும் அந்த 1? நல்ல காரியம் என்றால் எங்கள் ஆட்கள் யார்தான் வெறும் ஆயிரம் வைப்பார்கள்? அன்றைக்கு நான் பிள்ளைக்குக் கொடுத்த என்வலப்பிலேயே 51 டொலர். ஏஜென்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெட்டிய இரண்டு வரியையும் இன்றுதான் வாசித்தேன். "புதிய முகவரி யாருடையது என்று எனக்குத் தெரியாது. அதே உரிமையாளர் வொலட் மாற்றியிருக்கலாம். முதலில் அவரிடம் கேளுங்கள்."

சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

குழுவில் போட்டேன்: "பிழை என்னுடையது. புது வொலட்டும் சங்கத்தினதுதான். காசு அப்படியே இருக்கிறது." நான்கு பேர் கட்டைவிரல். பிறகு:

"மெஷின் பொய் சொல்லாது தம்பி. நீதான் அவரைக் காப்பாத்திறாய்."

"உனக்கும் பங்கோ?"

அவர் வீட்டுக்குப் போன் அடித்தேன். எடுத்தது வசந்தி அக்கா. "அவர் கதைக்கிற நிலையிலை இல்லை. வேலையிலையும் எங்கட பெடியள்தானே. ஒருத்தன் எல்லாருக்கும் முன்னாலை கேட்டவனாம், 'அண்ணை, இறக்கின பெட்டியளை ஒருக்கா எண்ணிப் பாக்கட்டோ' எண்டு. பதினாறு வருசம் அங்கை. ஒரு பூட்டைக்கூடத் தொட்டறியாத மனுசன்."

"அக்கா, நான்..."

"போனை வை தம்பி."

நவம்பர் 8, சனி

சங்கத் தலைவர் போன் எடுத்தார். நாளை நான்கு மணிக்குக் கூட்டம். கு.அ. சாவியை ஒப்படைத்துவிட்டு விலகுகிறாராம். "இனி நீதான் பொருளாளர். உன்னட்டைத்தானே மெஷின் இருக்கு."

அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு. காலை 7.20. நித்திரை இல்லை.

1. ஏஜென்ட்: "தெரியாது" என்ற வரி முதலில் வரவேண்டும். "சந்தேகம்" என்ற சொல்லே வேண்டாம்.
2. பொருளாளர்: மாட்டேன். இப்பவே தலைவருக்குச் சொல்ல.
3. போன் பண்ணாமல் நேரே கு.அ. வீடு. கதவு திறக்காவிட்டால் வாசல் படியிலேயே காத்திருக்கிறது, கூட்டத்துக்கு அவர் வெளியே வரும்வரை.
4. கூட்டத்தில் ஏஜென்டின் முழுப் பதில், வெட்டின இடத்தைக் காட்டி.
5. செப்டம்பர் 21ஆம் பக்கம், படம் எடுத்துக் குழுவில். "மொக்கு மனுசன்" உட்பட. வெட்டாமல்.