பின்னறைக்கு வாடகை

1964 ஜூன் 9

வீட்டுவரி நோட்டீஸ் வந்தது. வரி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. காரணமும் போட்டிருக்கிறார்கள்: பின்னறை வாடகைக்கு விடப்பட்டுள்ளது, குடியிருப்பவர் அக்தர் பானு.

அக்தர் பானு என் கூடப்பிறந்த தங்கை! அவள் மாப்பிள்ளை மவுத்தாகி அடக்கமான பிறகு, நாலு வருஷமாக மகளோடு அந்தப் பின்னறையில் இருக்கிறாள். தாராவியில் தோல் பை தைத்துப் பிழைக்கிறவன்தான் நான். அதுக்காக, தங்கச்சிகிட்ட வாடகை வாங்கித் திங்கிறவனா? வரியைக்கூடக் கட்டித் தொலைக்கலாம். இந்த எழுத்தை அழிக்காமல் விடமாட்டேன்.

ஜூன் 15

மறுபரிசீலனை மனு இங்கிலீஷில் வேண்டுமாம், மூன்று நகல். தாதரில் டைப் அடிக்க அரை நாள் போயிற்று.

ஜூலை 2

மழையில் நனைந்துகொண்டு வரி ஆபீஸுக்குப் போனால், மனு வேறு மேஜைக்குப் போய்விட்டதாம். "மறுபடி கொடு" என்கிறார்கள். தொலைத்தது அவர்கள், டைப் கூலி எனக்கு. தரை ஈரமாகிறது என்று பியூன் வேறு முறைக்கிறான்.

ஜூலை 21

மனுவைப் பார்க்கவேண்டிய ஆபீஸர் சாகேப் லீவு.

ஆகஸ்ட் 11

மறு ஆய்வுக்கு ஆள் வந்தார். யார்? முதலில் வந்து மதிப்புப் போட்டாரே, மாட்டுங்காக்காரர், குமாஸ்தா வேங்கடசுப்ரமணியன், அவரேதான்! தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடுகிற வாத்தியார்.

"தனி அடுப்பு இருக்கே பாய்" என்றார். இருந்தால்? அவள் சமையல், அவள் இஷ்டம். நான் குரலை உயர்த்த, என் மனைவி சைனப் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாய அடக்குங்க. பேனா அவரு கையில இருக்கு."

பானு அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், அவளுக்கும் அவமானமாகத்தானே இருக்கும்.

செப்டம்பர் 3

விசாரணை. மூன்று மணி நேரம் பெஞ்சில், மூன்று நிமிஷம் உள்ளே. குமாஸ்தா பொய் எழுதியிருக்கிறார் என்று சாகேபிடம் கத்தினேன். வேங்கடசுப்ரமணியன் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அந்தம்மா சொன்னா, எழுதிண்டேன். படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன்."

'என் அண்ணனுக்கு மாதம் பத்து ரூபாய் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறேன். சும்மா இருக்கவில்லை.' கீழே பானுவின் கோணல் கையெழுத்து.

சாகேப் ஒரு ஃபாரம் கொடுத்தார். அவள் என் தயவில் வாழ்பவள், ஒரு பைசாவும் தருவதில்லை என்று இருவரும் கையெழுத்துப் போட்டால் வரி குறையுமாம்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் கேட்டேன். "ஏட்டி, ஏன் பொய் சொன்ன?"

அவள் அழவில்லை. "யாரு தயவுல இருக்கீங்கன்னு கேட்டாருண்ணே. எம்மவ பக்கத்துல நின்னா. வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க?"

பிறகு கையை நீட்டினாள். "ஃபாரத்தக் குடுங்க. போட்டுத் தாரேன்."

கொடுக்கவில்லை.

செப்டம்பர் 5

ஆத்திரம் தணியவில்லை. யார் தயவு என்று கேட்கிறானே அந்த மனுஷன்! பிள்ளையை வைத்துக்கொண்டு! சுவரை அளக்க வந்தவனுக்கு இது எதுக்கு?

நான் மட்டும் என்ன ஒழுங்கு? நாலு வருஷத்தில் அதைப் பானுவின் அறை என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா? பின்னறை என்றுதானே சொல்கிறேன், இந்த நோட்டிலும்கூட.

ஃபாரம் நல்ல தடித்த தாள். பை மூடிக்குப் பேட்டர்ன் வெட்டிவிட்டேன்.

செப்டம்பர் 7

மனுவை வாபஸ் வாங்கினேன். அதற்கும் மூன்று நகல்!

அக்டோபர் 1

காலையில் பானு வந்தாள், மகளைக் கூட்டிக்கொண்டு. பக்கத்துப் பட்டறைக்கு லைனிங் தைத்த கூலியில் பத்து ரூபாயை எடுத்து நீட்டினாள். எனக்குக் கை எழவில்லை. சைனப் கண்ணைக் காட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ரசீது கேட்டாள். தமிழில் எழுதிக் கொடுத்தேன். மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். இந்திப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து முடித்தது. பானு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஓடு ஒழுகுதுண்ணே. வாடகை வாங்கிட்டீங்கள்ல, ஆள விட்டு மாத்திக் குடுங்க."

நாலு மழைக்காலமாக ஒழுகுகிறதாம். இன்றைக்குத்தான் சொல்கிறாள்.